மூன்றாவது மிதி

மரியகொறற்றியின் சாரதி அனுமதிப்பத்திரம் ஏழு ஆண்டுகளாக அலுமாரியின் மேல்தட்டில், திருமணச் சான்றிதழுக்கும் வீட்டு உறுதிப் பத்திரத்துக்கும் நடுவே, மடிப்புக் குலையாமல் இருந்தது. இரத்மலானையில் ஒரு தெருவில், பரீட்சகரை அருகில் வைத்துக்கொண்டு, ஒரு முறையும் இயந்திரம் நின்றுவிடாமல் ஓட்டிக் காட்டிப் பெற்ற பத்திரம் அது. பெற்ற அன்றே அதை அலுமாரியில் வைத்தாள். கொட்டாஞ்சேனையில் அவர்கள் வீட்டு வாசலில் ஒரு வான் நின்றது. அந்த வானுக்கு ஒரு சாரதி இருந்தான். அவன் அவள் கணவன் பற்றிக். ஒரு வீட்டுக்கு ஒரு சாரதி போதும் என்பது அவனுடைய தீர்ப்பு.

2008ஆம் ஆண்டு செப்டெம்பரில், அந்தச் சாரதி வானின் கூரையில் மேலதிகச் சக்கரத்தைக் கட்டும்போது வழுக்கி விழுந்தான். வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு இடங்களில் எலும்பு முறிந்தது. மூன்று மாதத்துக்குக் காலை ஊன்றக் கூடாது என்றார் வைத்தியர்.

பற்றிக்கின் வான் பாடசாலை வான். கொட்டாஞ்சேனையில் பதினான்கு பிள்ளைகளை ஏற்றி, வெள்ளவத்தையில் ஒரு பாடசாலை வாசலில் ஏழே காலுக்கு இறக்கி, ஒன்றரை மணிக்கு மறுபடி ஏற்றி வரும். பதினொரு ஆண்டுகளாக ஓடும் ஓட்டம். இப்படியான வான் ஒரு கிழமை நின்றால் பிள்ளைகள் வேறு வான்களுக்குப் போய்விடுவார்கள். போன பிள்ளை திரும்பி வராது. ஆகையால் முகத்துவாரத்தில் இருந்த ராமையா என்ற லொறிச் சாரதியைப் பிடித்து ஓட்டத்தைத் தொடர்ந்தார்கள். பிள்ளைகளை ஏற்றி இறக்கிப் பெயர்ப்பட்டியலைச் சரிபார்க்க மரியகொறற்றி உடன் போனாள்.

ஒக்டோபர் பிறந்த கையோடு ராமையா தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

"அண்ணே, கோவிக்காதீங்க. பேலியகொடையில மீன் லொறி ஒண்டு நிரந்தரமாக் கெடைச்சிருக்கு. இந்த மாசம் முடியுற வரைக்கும்தான் நான் ஒங்களுக்கு."

பற்றிக் கட்டுப் போட்ட காலை நாற்காலியில் நீட்டியபடி கூரையைப் பார்த்தான். மரியகொறற்றி பாத்திரம் கழுவிய கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"நான் ஓட்டுறன்."

"என்னத்த? தையல் மெசினையா?"

"வான. என்கிட்ட லைசன் இருக்கு."

"லைசன் அலுமாரியிலதானே இருக்கு. வேணுமெண்டா அலுமாரிய ஓட்டு."

ராமையாவுக்குச் சிரிப்பு வந்தது; ஆனால் அவன் நல்லவன், அடக்கிக்கொண்டான். "சிரிக்காதீங்கண்ணே. தங்கச்சி ஓட்டிரும். பழகுறதுக்குத்தான் எடம் இல்ல. இந்த நேரத்துல ஒரு வான் ரோட்டுல நின்டு நின்டு, தயங்கித் தயங்கிப் போச்சுன்னா சும்மா விடுவானுங்களா? முடுக்குக்கு முடுக்கு எறக்கி சீட்டுக்கு அடியில எல்லாம் பாப்பானுங்க."

அது உண்மை. வடக்கே போர் உச்சத்தில் இருந்த அந்த ஆண்டில் கொழும்பு வீதிகளில் தயங்குவதற்கு எவருக்கும் உரிமை இருக்கவில்லை.

செய்தி பெற்றோர்களிடம் போயிற்று. அவர்கள் சார்பில் மெற்றில்டா வந்தாள். வங்கி ஒன்றில் அதிகாரி. அவளுடைய இரண்டு பெண் பிள்ளைகள் அந்த வானில் போனார்கள். வந்தவள் உட்காரவுமில்லை.

"ஆம்பிளை ஓட்டினா என்ன, பொம்பிளை ஓட்டினா என்ன, எனக்கு ஒண்டுதான் கொறற்றி. நவம்பர் முதலாம் திகதி சனிக்கிழமை. பிள்ளைகள் வேணாம், என்னை மட்டும் ஏத்திக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போய்த் திரும்பி வாங்க. எனக்குத் திருப்தியெண்டா திங்கக்கிழமை எல்லாப் பிள்ளைகளும் ஏறும். இல்லாட்டி வேற வானுக்குச் சொல்லியிருக்கு."

"வாங்க மிஸ். சனிக்கிழமை ஏறுங்க," என்றாள் மரியகொறற்றி. பதினொரு ஆண்டு ஓட்டம் இனித் தன் இரண்டு கால்களில் நிற்கிறது என்பது அவளுக்கு விளங்கியது.

*

வெள்ளவத்தையில் பிள்ளைகளை இறக்கிய பின் ஒன்றரை மணி வரை வான் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் நிற்கும். ராமையா பின் ஆசனத்தில் கால் நீட்டி உறங்கிவிடுவான். மரியகொறற்றி அந்த நேரத்தில் நேசத்தின் கடைக்குப் போவாள். நேசம் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவள். இத்தாலிக்கும் கனடாவுக்கும் தொலைபேசி எடுக்கும் நிலையமாகத் தொடங்கிய கடை அது. எல்லார் கையிலும் கைத்தொலைபேசி வந்த பிறகு, நான்கு தொலைபேசிக் கூடுகளில் மூன்றைப் பிரித்து மூன்று விளையாட்டுக் கணினிகளை வைத்திருந்தாள். அவற்றில் ஒன்றுக்குச் சுக்கானும் மிதிகளும் பூட்டியிருந்தன.

விளையாட வருபவர்கள் சிறுவர்கள் அல்லர். பக்கத்து விடுதிகளில் தங்கி விசாவுக்குக் காத்திருக்கும் வடபகுதி இளைஞர்கள். வெளியே இறங்கினால் அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, எங்கே போகிறாய், ஏன் போகிறாய். திரைக்குள்ளோ ஒரு பெருநகரம் முழுவதும் திறந்து கிடந்தது. எந்த வாகனத்திலும் ஏறி, எந்தத் தெருவிலும், எந்தப் பாலத்திலும், கேட்பாரின்றி ஓடலாம். மணிக்கணக்காக ஓடினார்கள்.

இத்தாலியில் இருக்கும் தங்கையோடு பேசிவிட்டு வந்த மரியகொறற்றி அந்தச் சுக்கானைப் பார்த்தபடி நின்றாள்.

"நேசம் அக்கா, இதுல வான் இருக்கா?"

"வானும் இருக்கு, லொறியும் இருக்கு. என்ன, ஓடப்போறியளோ?" நேசம் வாழ்நாளில் ஒரு மிதிவண்டிக்கு மேல் ஓட்டியவள் அல்லள், ஆனால் அந்தக் கணினிகளில் அவள் அறியாத பொத்தான் இல்லை. "முதல்லை றோட்டிலை போற வானொண்டை மறிச்சு, ஓடுறவனை இழுத்து வெளியிலை போட்டிட்டு ஏறவேணும்."

"களவா?"

"களவுதான். இந்த விளையாட்டு அப்பிடித்தான்."

"அது சரிவராது. ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனத்துல சாமிக்கு என்னத்தச் சொல்றது? வான் களவெடுத்துப் பழகினன் எண்டா?"

நேசம் சிரித்துச் சிரித்து மேசையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு தேடி, யாரையும் இழுத்துப் போடாமல் சொந்தக் கொட்டிலிலிருந்து எடுத்து ஓடக்கூடிய வேறொரு விளையாட்டைப் போட்டாள். அதிலும் நகரம் திறந்த நகரம்தான். வான் வெள்ளை வான்.

மரியகொறற்றி உட்கார்ந்தாள். இரண்டு மிதிகள். வலது மிதியை அழுத்தினால் ஓடியது, இடது மிதியை அழுத்தினால் நின்றது. கியர் தானே மாறியது. மதிலில் மோதினால் வான் பந்துபோல் துள்ளித் திரும்பி வந்தது. விளக்குக் கம்பத்தில் மோதினால் கம்பம்தான் விழுந்தது. நான்காம் நாளே அவள் அந்த நகரத்தின் குறுக்குத் தெருக்களை எல்லாம் அறிந்துவிட்டாள். பத்தாம் நாள், விசாவுக்காக ஏழு மாதமாகக் காத்திருக்கும் குகதாசன் என்பவனைத் துறைமுகத்திலிருந்து மலையுச்சி வரை நடந்த ஓட்டத்தில் முந்தினாள்.

"அன்ரி, உங்கடை கால் சும்மா பறக்குது!" என்றான் அவன்.

அவள் அதை வீட்டில் பெருமையாகச் சொன்னாள். பற்றிக்குக்கு அது வாய்க்கு அவலாயிற்று.

"பொம்மை வான் ஓட்டுறாவாம்! கேளு ராமையா. அந்த ஊருல எல்லாம் வலப்பக்கம் ஓடுறவன். அதுல பழகிட்டு வந்து இவ காலி வீதியில வலப்பக்கம் ஏறுவா. முன்னுக்கு வாற பஸ்காரன் பூ வச்சி வரவேற்பான்."

"எந்தப் பக்கம் ஓடுறதெண்டு எனக்குத் தெரியாதா?" என்றாள் அவள். சொல்லிவிட்டாளே தவிர, அன்று முதல் அந்த ஒன்றையே மனத்தில் வைத்து, 'இடப்பக்கம், இடப்பக்கம்' என்று உருப்போட்டாள்.

*

ஒக்டோபர் நடுவில் ஒரு சனிக்கிழமை காலை, ராமையாவை இடப்புற ஆசனத்தில் வைத்துக்கொண்டு, மரியகொறற்றி முதன்முறையாக வானை வீதியில் இறக்கினாள். ஆமர் வீதி வரை ஒரு குறையும் இல்லை. கிளச்சை மிதித்துக் கியர் மாற்றுவது ஏழு ஆண்டுக்கு முன் பழகியது. தடுமாறித் தடுமாறி நினைவுக்கு வந்தது. இடப்பக்கத்தை ஓர் அங்குலமும் விட்டு விலகவில்லை. புதுக்கடை ஏற்றத்தில், நீதிமன்றங்களுக்கு ஏறும் வழியில், ஒரு சோதனைச்சாவடி. சிப்பாய் கையைக் காட்டினான். அவள் கிளச்சையும் பிரேக்கையும் மிதித்து, காட்டிய கோட்டில் ஒழுங்காக நிறுத்தினாள்.

நிறுத்தியதும் அவளுடைய வலது கால் பிரேக்கிலிருந்து எழுந்தது.

அவள் எழுப்பவில்லை; அதுவாக எழுந்தது. வான் மெல்லப் பின்னோக்கி உருண்டது. பின்னால் நின்ற முச்சக்கர வண்டி கத்தத் தொடங்கியது. சோதனைச்சாவடியைக் கண்டு ஒரு வான் பின்வாங்குகிறது என்றால் அந்நாளில் அதற்கு ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. சிப்பாய் இரண்டு பாய்ச்சலில் ஜன்னலருகே வந்துவிட்டான். துப்பாக்கி தோளிலிருந்து கைக்கு வந்திருந்தது.

"ஏய்! கொஹெத யன்னே?"

எங்கே போகிறாய் என்கிறான். எங்கே போகிறாள் என்பது அவளுக்கே தெரியவில்லை. ராமையா எட்டிக் கைப்பிரேக்கை இழுத்தான். வான் ஒரு குலுக்கலுடன் நின்றது.

"அலுத் டிரைவர், மஹத்தயா! அலுத் டிரைவர்!" புதுச் சாரதி, புதுச் சாரதி என்று ராமையா இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு கூவினான்.

இருவரையும் இறக்கினார்கள். அடையாள அட்டை, அனுமதிப்பத்திரம், வானின் பத்திரங்கள், பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல். ஆசனங்களைத் தூக்கிப் பார்த்தார்கள். முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு, இளவயதுச் சிப்பாய் அனுமதிப்பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தான். அவனுடைய மற்றக் கை இன்னும் துப்பாக்கியின் விசையருகே இருந்ததை அவள் கண்டாள். இன்னும் ஒரு முழம் உருண்டிருந்தால் அந்தக் கை என்ன செய்திருக்கும் என்பதை அவள் நினைக்க விரும்பவில்லை.

வீடு வரை ராமையாவே ஓட்டினான். நடந்ததை மறைப்பது அவள் வழக்கம் அல்ல. பற்றிக்கிடம் முழுவதையும் சொன்னாள். இம்முறை அவன் சிரிக்கவில்லை. அதுதான் அவளைச் சுட்டது.

"போதும் கொறற்றி," என்றான் மெதுவாக. "ஓட்டம் போனா போகட்டும்."

"இன்னும் ரெண்டு கிழமை இருக்கு," என்றாள் அவள்.

*

கால் ஏன் எழுந்தது? ஞாயிற்றுக்கிழமை பூசையில் முழங்காலில் இருந்தபோதும் அவள் அதைத்தான் யோசித்தாள். ஏழு ஆண்டுக்கு முன் அவளுக்கு அந்தக் குற்றம் இருக்கவில்லை. பரீட்சகர் அவளை ஏற்றத்தில் நிறுத்திப் பார்த்துத்தான் பத்திரம் கொடுத்தார். அப்படியானால் இது அண்மையில் வந்த பழக்கம்.

திங்கட்கிழமை அவள் நேசத்தின் கடையில் விளையாடவில்லை. ஒரு முக்காலியைப் போட்டு, சுக்கானின் முன் இருந்த குகதாசனின் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்ரி, என்ரை காலிலை என்ன பார்க்கிறியள்? சப்பாத்து ஓட்டை எண்டு தெரியும்."

"பேசாம ஓட்டுங்க தம்பி."

அரை மணி நேரத்தில் அவன் பதினாறு தடவை நிறுத்தினான். பதினாறு தடவையும், வான் நின்ற அதே நொடியில், அவன் கால் பிரேக்கை விட்டு எழுந்தது.

"நிக்கிற வானுல பிரேக்க ஏன் விடுறீங்க?"

"விடாட்டிப் பின்னுக்குப் போயிடும், அன்ரி."

அவன் மிதித்துக் காட்டினான். வான் நின்றது. காலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தான். வான் பின்னோக்கி ஓடத் தொடங்கியது. அந்த விளையாட்டில் பிரேக்கும் பின்கியரும் ஒரே மிதி. ஆகையால், நின்ற இடத்தில் நிற்க வேண்டுமானால் காலை எடுத்தாக வேண்டும். இரண்டு கிழமைக்கு மேலாக, நாளுக்கு இருநூறு தடவை, அவள் கால் அதைத்தான் செய்தது. எந்தப் பக்கம் ஓடுவது என்பதில் அவள் விழிப்பாக இருந்தாள். அதில் பிழை வரவில்லை. பிழை புகுந்தது அவள் காவல் வைக்காத வாசலால்.

அவள் எழுந்தாள். "நேசம் அக்கா, இதுல சரியான வான் இல்லையா?"

"இதுக்கு என்ன குறை?"

"கிளச் இல்ல. கியர் இல்ல. நிறுத்தினா பின்னுக்குப் போகுது. மதில்ல அடிச்சா சிரிச்சிக்கொண்டு திரும்பி வருது. இது வானா? பேய்."

நேசம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இருக்கு. மெய்யான மாதிரி ஓடுற முறையும் இருக்கு. அதுக்கு மூண்டு மிதி, கியர் தடி எல்லாம் பெட்டிக்குள்ளை கிடக்கு. ஒருநாள் பூட்டிப் பார்த்தனான். வந்ததுகள் பத்து நிமிசத்திலை அஞ்சு தரம் எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு எழும்பிப் போட்டுதுகள். காசு குடுத்து விளையாட வாறவைக்கு ஓட்டம்தான் வேணும் பிள்ளை, ஓட்டுறது வேண்டாம். அடைஞ்சு கிடக்கிறதுகள் கொஞ்ச நேரம் பறக்கட்டுமெண்டுதான் இப்பிடி லேசாக்கி வைச்சிருக்கிறன்."

நேசம் சொன்னதில் பிழை இல்லை என்பதை மரியகொறற்றி ஒப்புக்கொண்டாள். அந்த விளையாட்டு யாரையும் சாரதியாக்குவதாகச் சொன்னதில்லை. குற்றம், அது சொல்லாததையும் கற்றுக்கொண்ட தன் காலில்.

"காலையில ஒம்பது மணி வரைக்கும் ஒருத்தரும் வாறதில்லத்தானே? அந்த நேரத்துக்கு மட்டும் பெட்டிய அவிழுங்க. அந்தத் தடிய இடக்கைப் பக்கம் பூட்டுங்க. எங்கட வானுல இடக்கைதான்."

நேசம் பெட்டியை அவிழ்த்தாள்.

மெய் முறையில் முதல் நாள் அவள் ஒரு தெருவைக்கூடக் கடக்கவில்லை. கிளச்சை ஒரு மயிரிழை விரைவாக விட்டால் இயந்திரம் செத்தது. ஏற்றத்தில் பிரேக்கை விட்டால் வான் உருண்டது. மதிலில் மோதினால் சக்கரம் கோணி, அதற்குமேல் நகரவே மறுத்தது. மலையுச்சி வரை பறந்தவள் தெருமுனையில் கிடந்து மல்லாடினாள். நேரத்தோடு வந்துவிட்ட குகதாசன் வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டான்.

"அன்ரி, நேற்று ராணி. இண்டைக்கு எல் போட் கட்டிப் பழகிற ஆள்."

"நேற்றுத்தான் எல் போட் தம்பி. இண்டைக்குத்தான் பள்ளிக்கூடம்."

மூன்றாம் நாள் அவள் அந்த நகரத்தில் செங்குத்தான ஒரு தெருவைத் தேடிப் பிடித்தாள். பாதி ஏற்றத்தில், நிறுத்தியிருந்த ஒரு சிவப்பு வாகனத்துக்குச் சரியாக முன்னால், ஒரு முழ இடைவெளியில் தன் வானை நிறுத்தினாள். ஒழுங்கு இது: கிளச், பிரேக்; நின்ற பின் கியரை நடுவுக்கு; கைப்பிரேக்; அதற்குப் பின்னும் வலது கால் பிரேக்கிலேயே. நூறு வரை எண்ணுவாள். பிறகு முதல் கியர், கிளச் பாதி, இயந்திரத்தின் குரல் தாழ்வதைக் கேட்டு, கைப்பிரேக்கை இறக்கி, முன்னே. சிவப்பு வாகனத்தில் பட்டால் மீண்டும் தெருவடியிலிருந்து. அன்று முப்பத்தொரு தடவை பட்டது. அடுத்த நாள் பன்னிரண்டு. அதற்கடுத்த நாள் நான்கு.

போகும் வழியில் எந்தச் சிவப்பு விளக்கையும் அவள் தாண்டவில்லை. பின்னால் வந்த வாகனங்கள் எல்லாம் ஒலியெழுப்பித் தள்ளிக்கொண்டு போயின.

"அன்ரி," என்றான் குகதாசன் ஒரு காலை, "இந்த விளையாட்டிலை சிவப்பு லைற்றுக்கு நிண்ட முதல் ஆள் நீங்கள்தான். உலகத்திலையே."

அவன் பகடியாகத்தான் சொன்னான். ஆனால் அன்று தன் முறை வந்தபோது, சுக்கானின் முன் உட்கார்ந்து, மூன்றாவது மிதியைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இதைக் கழற்றவேண்டாம் நேசமக்கா, நானும் ஒருக்கால் பார்ப்பம்," என்றான். ஒன்பது தடவை இயந்திரத்தை நிறுத்தினான். எழுந்து போகவில்லை.

*

நவம்பர் முதலாம் திகதி காலை எட்டு மணிக்கு மெற்றில்டா கைப்பையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு முன் ஆசனத்தில் அமர்ந்தாள். பின்னால் பற்றிக். வர வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும், ராமையாவின் தோளைப் பிடித்து நொண்டி வந்து ஏறிக்கொண்டான். கட்டுப் போட்ட காலை இருக்கைகளுக்கு நடுவே நீட்டி வைத்திருந்தான். ராமையா அவனுக்குப் பக்கத்தில்.

மரியகொறற்றி ஆசனத்தை இரண்டு பல் முன்னே இழுத்தாள். கண்ணாடிகளைத் திருத்தினாள். சிலுவை அடையாளம் இட்டாள். புறப்பட்டாள்.

ஜம்பட்டா வீதி முனையில் ஒரு கைவண்டி குறுக்கே வந்தது. பற்றிக் கட்டுப் போட்ட காலால் தரையை அமுக்கினான், வலியில் முனகினான்.

"அண்ணே, அந்தப் பக்கம் பிரேக் இல்ல," என்றான் ராமையா.

"எனக்குத் தெரியும். நீ சும்மா இரு."

புதுக்கடை ஏற்றத்தில் வாகனங்கள் வரிசையாக நின்றன. அன்று சோதனை கடுமை. வரிசை பத்தடி நகர்ந்து நின்றது, மறுபடி பத்தடி. ஒவ்வொரு தடவையும் அவள் அந்த ஏற்றத்தில் நின்று, நின்ற இடத்திலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. பின்னால் சீமெந்து மூடை ஏற்றிய லொறி ஒன்று, அதன் மூக்கு வானின் முதுகைத் தொடும் அளவுக்கு நெருங்கி நின்றது. கண்ணாடியில் அந்த லொறி சிவப்பாகத் தெரிந்ததை மரியகொறற்றி கண்டாள். அவள் உதட்டோரம் மெல்லச் சிரித்தது. மெற்றில்டா அவளைப் பார்க்கவில்லை. வெளியே ஒரு விளக்குக் கம்பத்தை, ஜன்னல் விளிம்போடு பொருத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வான் ஒரு விரற்கடை பின்னே போனாலும் கம்பம் காட்டிக் கொடுத்துவிடும்.

முதல் தடவை கம்பம் அசையவில்லை. இரண்டாம் தடவையும் இல்லை. மூன்றாம் தடவை, சோதனைச்சாவடியின் கோடு.

அதே இளவயதுச் சிப்பாய். வானை அடையாளம் கண்டுகொண்டான். ஓரடி விலகி நின்றுதான் குனிந்து பார்த்தான்.

"அத பஸ்ஸட யன்னே நெத்த?"

இன்றைக்குப் பின்னோக்கிப் போவதில்லையா என்று கேட்டான். முகத்தில் சிரிப்பு இருந்ததா இல்லையா என்பது தெரியவில்லை.

"நே, மஹத்தயா," என்றாள் அவள். "இஸ்ஸரஹட விதரய்." முன்னோக்கி மட்டும்தான்.

நால்வரின் அடையாள அட்டைகளையும் வாங்கிக்கொண்டு அவன் காவற்கூட்டுக்குப் போனான். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். வெயில் ஏறியது. கியர் நடுவில், கைப்பிரேக் மேலே, வலது கால் பிரேக்கில். கெண்டைக்கால் வலிக்கத் தொடங்கியது. கைப்பிரேக் இருக்கிறதே, காலை எடுத்தால் என்ன என்று ஓர் எண்ணம் வந்தது. அவள் எடுக்கவில்லை. பிறகு, உள்ளே எங்கோ, காலே எழப் பார்த்தது. இரண்டு கிழமைக்கு மேலான பழக்கம் இரண்டு கிழமையில் முற்றாகச் சாகாது. அவள் அதை ஒரு பிடிவாதக்காரப் பிள்ளையை ஆசனத்தில் இருத்துவதுபோல் இருத்தினாள். இரு. நான் சொல்லும் வரை இரு. கால் இருந்தது.

சிப்பாய் அட்டைகளைத் திருப்பிக் கொடுத்துக் கையை அசைத்தான். முதல் கியர். கிளச் பாதி வந்தது. இயந்திரத்தின் குரல் தாழ்ந்தது. வானின் முன்புறம் சற்றே எழுந்தது. கைப்பிரேக்கை இறக்கினாள். ஒரு கணம் வான் எதையோ யோசிப்பதுபோல் நின்றது. பிறகு முன்னே போனது.

மெற்றில்டா கம்பத்திலிருந்து பார்வையை எடுத்து, முதன்முறையாக ஆசனத்தில் சாய்ந்து உட்கார்ந்தாள். பின்னால் பற்றிக்கின் கால் தரையை அமுக்காமல் இருந்தது. கொம்பனித்தெரு கடந்து, கொள்ளுப்பிட்டி கடந்து, காலி வீதி முழுவதும் அது அமுக்கவே இல்லை.

வெள்ளவத்தையில் ஒழுங்கை வாசலில் நேசமும் குகதாசனும் இன்னும் இரண்டு பேரும் நின்றிருந்தார்கள். மரியகொறற்றி வானைப் பின்கியரில் போட்டு, மதிலுக்கும் விளக்குக் கம்பத்துக்கும் நடுவே ஒரே முறையில் நுழைத்து நிறுத்தினாள்.

"அன்ரி, கம்பம் விழேல்லை!" என்று கத்தினான் குகதாசன்.

"இது மெய்யான கம்பம் தம்பி. விழாது."

நேசம் வானைச் சுற்றி வந்து ஜன்னலுக்குள் தலையை நீட்டினாள். முதலில் பார்த்தது மிதிகளை. "மூண்டும் இருக்கு," என்றாள், தானே பூட்டிக் கொடுத்தவள் போல. "என்ரை கடையிலையும் இனி மூண்டுதான். கழற்ற விடுறாங்களில்லை இவங்கள்."

கொட்டாஞ்சேனையில் இறங்கும்போது மெற்றில்டா கைப்பையைத் திறந்து, ஒரு கைத்தொலைபேசி எண் எழுதிய துண்டை எடுத்தாள். மற்ற வான்காரருடைய எண். அதை நான்காகக் கிழித்து மறுபடி பைக்குள்ளேயே போட்டாள். வீதியில் குப்பை போடுகிறவள் அல்லள்.

"திங்கக்கிழமை ஆறரைக்கு என்ட பிள்ளைகள் வாசல்ல நிக்கும். பிந்தக்கூடாது."

"பிந்தாது மிஸ்."

ராமையா பற்றிக்கைத் தாங்கி நாற்காலியில் இருத்திவிட்டுப் பேலியகொடைக்குப் புறப்பட்டான். மரியகொறற்றி வானின் சாவியை ஆணியில் மாட்டினாள்.

"சீற்ற இழுத்தாயே," என்றான் பற்றிக். "நான் ஓட்ட வரும்போது பழைய இடத்துக்குத் தள்ளி வை."

"எப்ப வருவீங்க?"

"டிசம்பர்ல கட்டு வெட்டுவாங்க."

"அப்ப டிசம்பர்ல பார்ப்பம்."

அவன் சிரித்தான். இம்முறை அந்தச் சிரிப்பில் ஏளனம் இல்லை. வாசலால் போன பக்கத்து வீட்டு மாக்ரெட்டைக் கூப்பிட்டு, கேட்காமலேயே சொன்னான்: "மாக்ரெட் அக்கா, தெரியுமா? இது இப்ப ரெண்டு டிரைவர் உள்ள வீடு."

திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்கு, பதினான்கு பிள்ளைகளோடு அந்த வான் புதுக்கடை ஏற்றத்தில் நின்றது. பெயர்ப்பட்டியல் சரி. சத்தம் காதைப் பிளந்தது. பின் ஆசனத்தில் இரண்டு பேர் ஒரு பென்சிலுக்காகச் சண்டையிட்டார்கள். மரியகொறற்றி திரும்பாமலே அதட்டினாள். அவளுடைய அனுமதிப்பத்திரம் முன்கண்ணாடியின் மேல், வெயில்மறைப்பில் செருகியிருந்தது. வலது கால் பிரேக்கில் இருந்தது. அவள் சொல்லும் வரை அங்கேயே இருந்தது.